மாடி அறைக்கு வாங்கிய ஏசி

உங்கள் அறையில் இருக்கும் ஏசி இந்த அறைக்குப் போதாது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட இளைப்பாறவில்லை. அளவான ஏசி என்றால் அறை குளிர்ந்ததும் சத்தம் தணிந்து கொஞ்சம் ஓய்வெடுக்கும், பிறகு மறுபடி வேலையைத் தொடங்கும். இது இரைத்துக்கொண்டே இருக்கிறது. மேற்குப் பார்த்த சுவர், திரை இல்லாத கண்ணாடி ஜன்னல், போதாததற்கு யாராவது ஒருவர் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கிறார். பாவம், அது என்னதான் செய்யும். விலையை மட்டும் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு எது வாங்குவதென்றாலும் நான்தான் வாங்குவேன், மேடம். என் வீட்டுக்காரருக்குக் கடைக்குப் போவதென்றாலே ஆகாது. மிக்சியிலிருந்து கட்டில் மெத்தை வரைக்கும் நான் விசாரித்து, நாலு பேரிடம் கேட்டு, தட்டிப் பார்த்து வாங்கியவைதான். ஒரு பொருள்கூட என்னை ஏமாற்றியதில்லை. இந்த ஏசியும் ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏசியில் கோளாறு என்று அவர் கடையில் போய்ச் சண்டை போட்டது தவறு. என்ன செய்யும் என்று சொல்லி விற்றார்களோ அதைத்தான் அது செய்தது.

அண்ணியைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அண்ணி என்றால் அவருடைய அக்கா. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. அப்படிக் காத்திருந்தவர்கள் காதில் விழுந்த குரல் அண்ணியுடையது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். கடையில் நின்று வெங்காயம் என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து, "எக்சேஞ்ச் அக்காவா?" என்பார். அம்மா அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை அவர்தான் வளர்த்தார். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டையும் அவர்தான் கட்டினார்.

நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே பீரோச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மாடி அறைக்குப் போய்விட்டார். "இனிமே இது உன் வீடும்மா. நான் உன் மாடியில குடித்தனம் இருக்கறவ. வாடகை மட்டும் கேட்டுடாதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏதாவது கொடுமை நடந்திருக்கும், அதனால்தான் இப்படி என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தால், அப்படி எதுவும் கிடைக்காது. அண்ணி என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பற்றி வாயெடுத்தால் அண்ணி சட்டென்று பேச்சை வேறு லைனுக்கு மாற்றிவிடுவார். அதைக்கூட நான் கவனித்துவிடக் கூடாதென்று என் பக்கம் திரும்பாமல் செய்வார். வீட்டுக்காகச் செய்தேனா என்றும் உங்கள் ஆட்கள் கேட்டார்கள். வீட்டை எப்போதோ தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அவர் வைத்த ஒரே குறை, குறை என்று சொல்ல எதையும் வைக்காததுதான்.

பிறகு அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. அந்தக் குரலும் போயிற்று. "சரி" என்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, சந்தோஷமென்றாலும் சரி. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது கீழ் அறையில் படுக்க வைக்கலாம், எனக்கும் பார்த்துக்கொள்ளச் சுலபம் என்றேன். என் வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "அக்கா ரூம் அக்காவுக்குத்தான்" என்று சொல்லி, டிப்போவிலிருந்து ஆட்களை வரவழைத்து நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் பஸ் டிப்போவில் கண்காணிப்பாளர் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எல்லாம் நான்தான். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டிவிடுவது, தலை வாரிவிடுவது. பார்க்க வந்த டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "படுக்கைப் புண் ஒண்ணுகூட இல்லையே. நர்ஸ் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சொந்தக்காரர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அக்கம்பக்கத்தில் மாமியார்கள் தங்கள் மருமகள்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் விசாரித்தால் ஊர் இதைத்தான் சொல்லும்.

ஏசி வாங்கச் சொன்னதும் அந்த டாக்டர்தான். "இவங்க சாப்பிடற மாத்திரைக்கு வேர்வை சரியா வராது. சூடு ஏறினா உடம்பால அதைத் தானா இறக்கிக்க முடியாது. நம்மளை மாதிரி எழுந்து போய்க் காத்தாட உக்காரவும் முடியாது. வெயில் காலத்துல ரூம் குளிர்ச்சியா இருந்தே ஆகணும். விளையாட்டில்ல" என்றார். டாக்டர் சொல்வதை நான் அசட்டையாகக் கேட்பவள் இல்லை. ஒவ்வொரு சொல்லும் மனதில் பதிந்தது.

"ஒரு நல்ல ஏசியாப் பாரு. காசைப் பாக்காதே" என்றார் என் வீட்டுக்காரர்.

ஏசி தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் செய்கிற தப்பு, எது நன்றாகக் குளிரும் என்று மட்டும் கேட்பது. எல்லாமே குளிரத்தான் செய்யும். முதலில் அறையைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை என்றால் நாள் முழுக்கத் தளம் சூட்டைக் குடித்து உள்ளே இறக்கும். கீழ்த்தளத்து அறைக்கு ஒரு டன் போதுமென்றால் அதே அளவு மாடி அறைக்கு ஒன்றரை டன் வேண்டும். அடுத்து, உள்ளே இருக்கும் குழாய் செம்பா அலுமினியமா. செம்பு என்றால் நீண்ட நாள் வரும், பழுது பார்க்கவும் சுலபம். அடுத்து, ரிப்பேர் என்று போன் செய்தால் ஆள் வருவானா மாட்டானா. அதற்கப்புறம்தான் விலை. நம்பகமான ஏசி என்றால் என்ன என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். எந்த நேரத்தில் என்ன செய்யும், எந்த நேரத்தில் என்ன செய்யாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மனிதர்களிடம் அது கிடைக்காது.

மூன்று நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் ஒரு விற்பனையாளர், சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், மரியாதையாகப் பேசினார்.

"சொந்த உபயோகத்துக்கா மேடம், வாடகைக்கு விடற வீட்டுக்கா?"

"வாடகைக்கு" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. தானாக வந்தது. ஒருவகையில் அது பொய்யும் இல்லை. அண்ணியே அப்படித்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தத் தம்பி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து ஓரத்தில் இருந்த ஒன்றின் முன்னால் நின்றார். "இது பழைய ஸ்டாக் மேடம். கம்பெனி இப்ப இந்த மாடலை நிறுத்திட்டாங்க. ஆனா கல்லு மாதிரி உழைக்கும். ஒரே ஒரு குறை இருக்கு, நானே சொல்லிடறேன், அப்புறம் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. கரண்ட் போயிட்டு வந்தா மத்த ஏசியெல்லாம் தானா ஓட ஆரம்பிச்சிடும். இது ஓடாது. நீங்க ரிமோட்டை எடுத்து மறுபடி ஆன் பண்ணணும்."

"தானா ஓடவே ஓடாதா?"

"ஓடாது மேடம்."

"எத்தனை நேரம் ஆனாலும்?"

"யாராவது போடற வரைக்கும் சும்மாதான் இருக்கும்."

"வாடகை வீட்டுக்கு அதுதான் நல்லது. குடியிருக்கறவங்க வெளியே போயிருக்கிறப்ப கரண்ட் வந்தா, ஆளில்லாத ரூம்ல ஓடிக்கிட்டு இருக்குமே. இது அப்படி ஓடாதில்ல" என்றேன்.

அவர் சிரித்தார். "மேடம், நீங்க எங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார். நான் சொன்னது நியாயமான காரணம். நீங்களும் வாடகைக்கு வீடு விட்டிருந்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

மாட்ட வந்த மெக்கானிக் ஜன்னல் இடுக்குகளை அடைக்கச் சொன்னார். குளிர் வெளியே போனால் கரண்டுதான் வீண். அதனால் இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினேன். காற்றுக்கென்று மேலே விட்டிருந்த ஓட்டைகளைத் தெர்மோகோல் வெட்டி அடைத்தேன். தடித்த திரை தைத்துப் போட்டேன். ஏசி இருக்கும்போது மின்விசிறி எதற்கு என்று அதைக் கழற்றிக் கீழே கூடத்தில் மாட்டச் சொன்னேன். கூடத்து மின்விசிறி ரொம்ப நாளாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரிமோட்டுக்குக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாட்டி அடித்தேன். அங்கே இருந்தால்தான் தொலையாது. அவர் ஒருநாள் அதை எடுத்து அண்ணியின் இடது கையில் கொடுத்து எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தார். அண்ணி அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அவர் வேலைக்குப் போனதும் நான் அதை வாங்கி மறுபடி மாட்டியில் வைத்தேன். கை தவறிக் கீழே விழுந்தால் உடைந்துபோகும். அண்ணி என்னைப் பார்த்து "சரி" என்றார்.

இதில் எதையாவது தப்பு என்று சொல்ல முடியுமா. ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

சாயங்கால நேரத்தைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். அவர் டிப்போவிலிருந்து வந்ததும் கால் கழுவிக்கொண்டு நேரே மாடிக்குப் போவார். நான் கொடுக்கும் காபியையும் அங்கேதான் எடுத்துக்கொண்டு போவார். அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்கும். வேலை முடிந்ததும் நான் மாடிப்படியில் நடுவில் வந்து உட்காருவேன். அங்கிருந்தால் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்கும், கதவிலிருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன்.

ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேளுக்கா. இன்னைக்கு ஒரு டிரைவர் பஸ்ஸை ரூட்டை விட்டுத் திருப்பி மாமியார் வீட்டுத் தெருவுக்குள்ள விட்டுட்டான். என்னன்னு பாத்தா, பஸ்ஸுக்குள்ள ஒரு பீரோ. நான் கூப்பிட்டுக் கேட்டா, 'சார், பாசஞ்சர் யாருமே கோவிச்சுக்கல. எல்லாரும் சேர்ந்துதான் இறக்கி வெச்சாங்க'ங்கறான். அதுல ஒருத்தர் மாமியார் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, பீரோ வைக்க இந்தச் சுவர் சரியில்லன்னு யோசனை வேற சொல்லியிருக்காரு."

அண்ணி "சரி, சரி, சரி" என்று மூச்சுத் திணறச் சிரித்தார். எக்சேஞ்சில் பேசுகிற மாதிரி ஒரு "சரி", மேலதிகாரி மாதிரி ஒரு "சரி", மாமியார் மாதிரி ஒரு "சரி". ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவரைச் சிரிக்க வைக்க அண்ணிக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் எல்லாச் சொற்களும் இருந்தன.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது நான் கேட்டேன், "இன்னைக்கு டிப்போல என்ன விசேஷம்?"

"என்ன விசேஷம். எப்பவும் போலத்தான்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. ஒருதடவை நானும் மேலே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணி இடது கையால் கட்டிலைத் தட்டி அருகில் உட்காரச் சொன்னார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "நீ எதுக்கு படியேறி வர்றே, முட்டி வலிக்கப் போகுது" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பாத்திரம் கழுவ வேண்டும் என்று சொல்லி நான் எழுந்து வந்தேன். படி இறங்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

கோடை வந்தது. வெயில் எப்படி இருந்ததென்று உங்களுக்கே தெரியும், இந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்களும்தான் பட்டிருப்பீர்கள். மத்தியானத்தில் கரண்ட் போவதும் வருவதும் வழக்கமாயிற்று. போகும், கொஞ்ச நேரத்தில் வரும். கரண்ட் வந்துவிட்டதென்று கூடத்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் தெரிந்துவிடும். உடனே மாடியேறிப் போய் ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டுவிட்டு வருவேன். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன்.

பிறகு ஒருநாள் சமையலறையில் கை வேலையாக இருந்ததால் போகத் தாமதமாயிற்று. அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்த சூடு என் முகத்தில் அடித்தது. அண்ணியின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. டாக்டர் சொன்னது அப்படியே சரி. ஏசியைப் போட்டு, நெற்றியில் ஈரத்துணி வைத்து, தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டார். அடுத்த நாள் வேலை எதுவும் இல்லாதபோதும் சற்றுப் பொறுத்துத்தான் போனேன். அதற்கடுத்த முறை இன்னும் சற்றுப் பொறுத்து. ஏன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. புதுப் பொருள் வாங்கினால் அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போமில்லையா, அப்படி.

அண்ணிக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். தெரிந்திருக்கும். கடைசி நாட்களில் நான் ஏசியைப் போடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பயந்த பார்வை இல்லை. லைன் சரியாகக் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்ப்பவர் போல இருக்கும். சாயங்காலம் தம்பி வந்தபோது அவரிடம் சொல்ல முயன்றார் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்த ஏசியைக் காட்டி, என்னைக் காட்டி, "சரி, சரி" என்றார். அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "ஆமாக்கா, நல்ல ஏசிதான். இவ பாத்து வாங்கினா சோடை போகுமா" என்றார். அவர் வாயால் என்னைப் பற்றி அப்படி ஒரு சொல் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் அண்ணியிடம் சொல்வது கேட்டது: "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த மாசத்துலேருந்து நாள் பூரா உன்கூடவே இருக்கலாம். பேசிக்கிட்டே இருக்கலாம்."

அவர் வேலையை விடுவது எனக்கு அதுவரை தெரியாது. எழுதியே கொடுத்துவிட்டார். கீழே வந்து சாப்பிட்டார். நானாகக் கேட்காமல் காத்திருந்தேன். தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது, "இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும்னு நியூஸ்ல சொன்னாங்க. அக்காவைப் பாத்துக்க" என்றார். பாத்துக்கறேன் என்றேன்.

மத்தியானம் அண்ணிக்கு ஊட்டிவிட்டேன். வாய் துடைத்துவிட்டேன். தலையணையைச் சரிசெய்தேன். திரையை இழுத்துவிட்டேன். நான் கீழே வந்த பிறகு கரண்ட் போயிற்று. அதை நான் செய்யவில்லை. கரண்ட்டை நிறுத்துவது என் கையில் இல்லை. வழக்கத்தைவிட நெடுநேரம் கழித்துத்தான் வந்தது. கூடத்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பெல் அடித்தது. அண்ணி பேச முடியாமல் போனதும் என் வீட்டுக்காரர் கட்டிலோரமாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருந்தார். மேலே அமுக்கினால் கீழே கூடத்தில் பெல் அடிக்கும். அண்ணி எப்போதும் குட்டியாக ஒரு தடவை அடித்துவிட்டுக் காத்திருப்பார். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல. அன்றும் அப்படித்தான் அடித்தார். பிறகு இன்னொரு தடவை. பிறகு நீளமாக.

நான் இவ்வளவு நாள் எல்லோரிடமும் அந்த நேரத்தில் மருந்துக் கடைக்குப் போயிருந்ததாகச் சொன்னேன். உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா சொன்னதுதான் சரி. நான் வீட்டில்தான் இருந்தேன். அந்தம்மா மதில் பக்கமாக வந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, ரொம்ப நேரமா பெல் அடிக்குதே. மேல அவங்க கூப்பிடறாங்களா?"

"இல்லம்மா. பெல் ரிப்பேர். கரண்ட் வந்தா தானா அடிச்சுக்குது" என்றேன்.

"ஐயோ, தலைவலியா இருக்குமே."

"எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கேன்."

அவர் போய்விட்டார். நான் பெல்லின் ஒயரைப் பிடுங்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடுங்கியிருந்தால் வேறு மாதிரி பேசலாம். அண்ணி அடிக்க நினைத்த வரைக்கும் அடிக்கலாம் என்று விட்டிருந்தேன். நான் துணி மடித்தேன். அண்ணியின் நைட்டிகளைத் தனியாக, அவருடைய சட்டைகளைத் தனியாக. கடைசியில் பெல் விட்டு விட்டு அடித்தது, பிறகு நின்றுவிட்டது. நின்ற பிறகும் நான் மேலே போகவில்லை. மீதித் துணிகளை மடித்து அடுக்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். அப்படிப் பார்த்தால் மருந்துக் கடைக்குப் போனது முழுப் பொய் இல்லை. குளுக்கோஸ் பாக்கெட் வாங்கினேன். கடைக்காரரிடம் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன்.

திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தபோது அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி இருந்தது. அண்ணியின் கட்டைவிரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். தலையை வாரிவிட்டேன். மாட்டியிலிருந்து ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டேன். உடனே ஓடியது, ஒரு முனகல்கூட இல்லை. அறை நன்றாகக் குளிரும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் டிப்போவுக்குப் போன் செய்தேன்.

அவர் ஓடி வந்தார். அண்ணியின் கையைப் பிடித்தார், கன்னத்தைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "ரூம் ஜில்லுனு இருக்கே. அக்கா உடம்பு மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று கேட்டார். நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. அது என் தப்பு.

டாக்டரும் சூடுதான் காரணம் என்றார். ஏசி ரூமில் எப்படிச் சூடு என்று அவர் குழம்பினார். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஓட்டை ஏசியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்தக் கண்ணாடித் தம்பி பயந்துபோய், மேடம் கேட்டு வாங்கியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தையற்காரம்மா, பெல் ரிப்பேரெல்லாம் பார்த்தாச்சா என்று தெருவில் அவரிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து பெல்லை அழுத்திப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நன்றாக அடித்தது. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். கடையில் அந்த ஏசியைக் கைகாட்டியபோதே தெரியும். ஜன்னலை அடைத்தபோது தெரியும், பெல் அடித்தபோதும் தெரியும். அண்ணியை நான்தான் கொன்றேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வேறு யாருடைய தூண்டுதலும் இல்லை. எழுதிவிட்டீர்களா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுத வேண்டியதில்லை. இன்றைக்குக் காலையில் அவர் கீழே வந்து, "கிளம்பு, ஒரு இடத்துக்குப் போகணும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே கிளம்பி வருஷக்கணக்காகிறது. வரும் வழியில் ரோடு மோசமாக இருந்த இடத்தில், "கெட்டியாப் பிடிச்சுக்க" என்றார். ஒரு கடையோரம் நிறுத்தித் தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகித் திறந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அண்ணி இருந்தவரை அவருக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் இருந்தது. கொஞ்சநாள் துக்கமாக இருக்கும், அப்புறம் மனுஷர் தேறிவிடுவார். டிப்போக் கதைகளைச் சொல்ல யாராவது வேண்டுமே அவருக்கு.

சீக்கிரம் முடித்துக் கொடுத்தீர்களென்றால் நல்லது. வெளியே பெஞ்சில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், வெயிலில் ரொம்ப நேரம் உட்கார அவருக்கு முடியாது.

அவர் என்னை இங்கே விட்டதும் போய்விட்டார் என்கிறீர்கள். இல்லை மேடம். வண்டியை நிழலில் நிறுத்தப் போயிருப்பார்.